மங்கையற்கரசியின் இடக்கண்

வந்தாறுமூலையில் வாவிக்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் மங்கையற்கரசியின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. மெசின் ஓடுகிற சத்தமே கூட்டிக்கொண்டு வந்துவிடும். முன் விறாந்தையில் ஒரு பக்கம் மோட்டார் பூட்டிய தையல் மெசின். மறுபக்கம் துணி வெட்டும் நீள மேசை. மேசைக்குக் கீழே ஆளாளுக்கு வேறாகக் கட்டிவைத்த துணிப் பைகள். அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு சட்டைக் கை தைத்து முடிப்பாள். சோற்றை வடித்துவிட்டு வந்து கொலரைப் பிடிப்பாள். கரண்ட் போனால் பொத்தான் வேலை. கரண்ட் வந்தால் குசினி அடுப்பை மகளிடம் விட்டுவிட்டு மறுபடி மெசின்.

புருசன் சதீசன் வாவியில் தோணி வைத்து வலை வீசுகிறவன். அவன் இறாலோடு வந்து நின்றால் இவள் எழும்பிப் போய் அதைத் தெரிந்தெடுத்து, கழுவி, தோலுரிக்க வேண்டும். பிறகு தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊர்ச்சனத்தின் துணியைத் தொடுவாள். மகள் தனுஷியா ஏணையில் கிடந்த காலத்தில் தொடங்கிய தொழில் இது. இப்போது தனுஷியா கண்ணாடி போட்டுக்கொண்டு உயர்தரம் படிக்கிறாள்.

அந்த வருடம் பாடசாலை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் வீடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. எல்லாம் பிள்ளைகளின் சீருடைத் துணி. ஒரு காலை வெளிச்சத்தில், சின்னப் பிள்ளை ஒன்றின் சட்டைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்த மங்கை, துணியில் ஒரு கறுப்பு நூல் கிடப்பதைக் கண்டாள். விரலால் தட்டிவிட்டாள். போகவில்லை. நகத்தால் கிள்ளினாள். நகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. துணியை உதறி விரித்தாள். நூல் அப்படியே இருந்தது.

"அம்மா, என்ன தேடுறீங்க?" என்று தனுஷியா கேட்டாள்.

மங்கை தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். நூலும் கூடவே எழும்பி வந்து மகளின் கன்னத்தில் விழுந்தது.

அவளுடைய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நூல் துணியில் இல்லை. கண்ணுக்குள் இருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மங்கையால் முடியவில்லை. அவளுடைய அப்பா சாமித்தம்பிக்கும் இப்படித்தான் தொடங்கியது. "கண்ணுக்குள்ள இலையான் பறக்கிற மாதிரி இரிக்கு" என்று அவர் வயல் வட்டையிலிருந்து வந்து சொன்னபோது, ஈ எப்படிக் கண்ணுக்குள் போகும் என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருடமே ஒரு கண் போயிற்று. சில வருடங்களில் மற்றதும் போயிற்று. அப்போது மங்கை பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. வயலுக்கும், செத்த வீடுகளுக்கும், கிணற்றடிக்கும் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அவள்தான். சோதனைச் சாவடியில் நிற்கச் சொல்லிக் கை காட்டியதைக் காணாமல் அவர் நடந்துகொண்டே போனபோது, பின்னாலிருந்து சாரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தியதும் அவள்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்டியபோது அங்கே சொன்னது ஒரேயொரு வார்த்தை: பிந்திவிட்டது. அப்பாவின் தடித்த கண்ணாடியைப் போலவே ஒரு கண்ணாடியை மங்கையும் சின்ன வயதிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு மடிப்பைப் பிடித்து முடித்தாள். பிள்ளையின் தாய் வந்து வாங்கிக்கொண்டு போனாள். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மின்னல் வந்தது. வானம் வெளித்துக் கிடக்கும்போது, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, இடக்கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு கோடு வெட்டிப்போகும். முதல் தடவை அவள் துருவலையை விட்டுவிட்டு எழும்பி வெளியே போய் வானத்தைப் பார்த்தாள். முற்றத்தில் நல்ல வெயில்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு களவுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. யாரும் இல்லாத சமயம் பார்த்து வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, இடக்கண்ணால் முற்றத்துப் பலாமரத்தைப் பார்ப்பாள். அடி இருக்கிறதா, கிளை இருக்கிறதா, உச்சி இருக்கிறதா? எல்லாம் இருக்கும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மெசினில் குந்துவாள். நாலு தையல் ஓடுவதற்குள் மறுபடியும் பார்க்கச் சொல்லி மனம் பிடித்துத் தள்ளும். மறுபடி எழும்புவாள். ஒருநாள் சதீசன் கண்டுவிட்டான்.

"என்ன, கண்ணுல தூசா?"

"ஓம். தூசுதான்."

"ஊதி விடவா?"

"வேணாம், போயிற்று."

சித்தாண்டி முருகன் கோயிலுக்கும் போய் நின்றாள். கையைக் கூப்பினாள். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கண்ணில் இப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவுக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் தனக்கும் சொல்வார்கள் என்று நம்பினாள். போகாமல் இருக்கும்வரை யாரும் அதைச் சொல்ல முடியாதல்லவா?

சீருடை வேலை பாதி முடிந்திருந்தபோதுதான் ஏறாவூர் ஹிதாயா வந்தாள். ஹிதாயாவுக்கு அங்கே அபாயாக் கடை இருக்கிறது. வெட்டிய துணியைக் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததும் எடுத்துப்போவாள். வருடக்கணக்கான பழக்கம். மருமகன் நிஸ்தாரின் ஓட்டோவில் மூட்டையோடு வந்து இறங்கியவள் மேசையில் கறுப்புத் துணியைக் கொட்டினாள்.

"ஒரே கலியாண வீட்டுக்காரங்கட சாமான், மங்க. பெண்ணுட தாய், சாச்சிமார், மச்சிமார் எல்லாருக்கும். மணிக்கட்டுல கல்லுவேல இரிக்கு, பார்த்துச் செய். பிழைச்சா எனக்கு முகம் காட்டேலாது."

"நீங்க பயப்படாதீங்க ராத்தா" என்றாள் மங்கை.

ஆனால் கறுப்புத் துணியோடு மெசினில் குந்தியதும் அவளுக்கு ஒரு சுகம் வந்தது. கறுப்பில் கறுப்பு நூல் தெரியவில்லை! வெள்ளையில் ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் இங்கே காணாமல் போயிற்று. கண் சுகமாகிவிட்டது, எல்லாம் மாறிவிட்டது என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். சீருடைப் பைகளைத் தள்ளி வைத்துவிட்டு அபாயாக்களையே தைத்தாள். பிள்ளைகளின் தாய்மார் வந்து கேட்டபோது நாளைக்கு, நாளைக்கு என்று சாட்டுச் சொன்னாள். அவள் அப்படித் தவணை சொல்லுகிற ஆளே இல்லை. தனுஷியா ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கறுப்பு நூல் முடிந்துபோனதால் ஒருநாள் செங்கலடிக்குப் போனாள். சந்தியில் இறங்கி, வலப்பக்கம் பார்த்து, வாகனம் இல்லையென்று தெருவின் நடுவுக்கு வந்தாள். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. காலை எடுத்து வைத்தாள்.

பிரேக் கிறீச்சிட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. பஸ்ஸின் சூடு முகத்தில் அடித்தது. தலையை முழுவதும் திருப்பிய பிறகுதான் சிவப்புத் தகரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதைக் கண்டாள். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"என்னம்மா, கண் தெரியாதா?"

யாரோ ஒரு பொம்பிளை அவளைப் பிடித்துக் கடைவாசலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். மங்கை தண்ணீரைக் குடிக்காமல் வலக்கண்ணைப் பொத்தினாள். காதுப் பக்கமிருந்து ஒரு நிழல் உள்ளே வந்து நின்றது. தெருவில் பாதி இல்லை. எதிர்க்கடையின் பெயர்ப் பலகையில் பாதி இல்லை. கண்ணைக் கசக்கினாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். நிழல் அசையவில்லை. கறுப்புத் துணியில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அது சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அவள் நூலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அபாயாவைத் தைத்தாள். பயம் அவ்வளவுக்கு முற்றியிருந்தது. கை தன்பாட்டுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டிருக்க, மனம் பூராவும் அந்த நிழலின் ஓரத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் வந்துவிட்டதா? மூக்கைத் தொட்டுவிட்டதா? சதீசன் சோற்றுக் கோப்பையை நீட்டியபோது இடப்பக்கம் வந்த கோப்பையைக் காணாமல் தட்டிவிட்டாள். "தலை சுத்துது" என்றாள். அவன் பனடோல் எடுத்துக் கொடுத்தான்.

ஹிதாயா சாமான் எடுக்க வந்த காலையில் நல்ல வெயில் அடித்தது. ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னகா? இந்தப் பக்கம் மினுங்குது, இந்தப் பக்கம் மினுங்கல்ல. துணிட புறத்த மாத்திப் புடிச்சித் தைச்சிரிக்காய்." இன்னொன்றை இழுத்தாள். "இதுவும் அப்பிடித்தான். கல்லுவேலக் கை உள்ளுக்கு வந்திரிக்கு. என்ன மங்க இது? உன்ட கையால இப்பிடி ஒரு பிழை நான் கண்டதே இல்ல. கலியாண வீட்டுக்கு என்னத்தச் சொல்லுவன்?"

"ராத்தா, எனக்குத் தெரியல்ல."

"தெரியல்லயெண்டா? தைக்கக்குள்ள பார்க்கிறல்லயா?"

"எனக்குக் கண் தெரியல்ல ராத்தா."

யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த அந்த வார்த்தை இப்படி வெளியே வந்து விழுந்ததும் மங்கைக்கே தூக்கிவாரிப் போட்டது. குசினி வாசலில் தனுஷியா அகப்பையோடு நின்றுவிட்டாள்.

ஹிதாயா அபாயாவை மேசையில் போட்டுவிட்டு அருகே வந்து இருந்தாள். குரல் இறங்கிவிட்டது. "எந்தக் கண்?"

"இடது."

"மத்தக் கண்ணப் பொத்து. நேர பார். இப்ப என்ட கை தெரியுதா?"

"எந்தக் கை?"

ஹிதாயாவின் கை மங்கையின் இடப்பக்கத்தில், முகத்துக்கு அருகே ஆடிக்கொண்டிருந்தது. "யா அல்லாஹ்" என்றாள் அவள் மெதுவாக. உடனே எழும்பினாள். "எழும்பு. வெளிக்கிடு. நிஸ்தார் வாசல்ல நிக்கான்."

"அடுப்புல சோறு..."

"சோறு கிடந்து கரியட்டும்!"

தனுஷியா கரைக்கு ஓடிப்போய்க் கூப்பிட, சதீசன் நனைந்த சாரத்தோடு தோணியை விட்டுவிட்டு ஓடிவந்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க மங்கை கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். திறந்தால் மிச்சமும் போய்விடும் என்று தோன்றியது.

டொக்டர் ஓர் இளம் பெண். மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்தாள்.

"எப்ப இருந்தும்மா நிழல் தெரியுது?"

"நேத்து..." என்று தொடங்கிய மங்கை, சதீசன் தன்னையே பார்ப்பதை உணர்ந்து நிறுத்தினாள். "இல்ல டொக்டர். கனநாளாயிட்டு."

டொக்டர் ஏசவில்லை. "விழித்திரை கழண்டு வருது. நடுவுல, பார்வைக்கு முக்கியமான இடம் இன்னும் ஒட்டியிருக்கு. அது கழர முதல் ஒப்பரேசன் செய்யவேணும். இண்டைக்கே கண்டிக்கு அனுப்புறன்."

"பிந்திட்டா?"

"இன்னும் இல்ல. ஆனா இனிப் பிந்தக்கூடாது."

அந்த 'இன்னும் இல்ல' காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னாள். டொக்டர் உடனே வலக்கண்ணையும் பார்த்தாள். "இதுலயும் ஓரத்துல ஒரு சின்னக் கிழிசல் இருக்கு. கழரல்ல. லேசர் போட்டு நிப்பாட்டலாம்." கிழிசல் எப்படித் தொடங்கும், எப்படி ஓடும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண்டிக்குப் போகிற வழியில் வாகனம் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் ஏதோ கழன்று விழுவதாக அவளுக்குத் தோன்றியது. சதீசன் அவளுடைய தலையைத் தன் தோளோடு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். மகாஓயா தாண்டி மலை ஏறத் தொடங்கியபோதுதான் வாய் திறந்தான்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க பயந்திருவீங்க எண்டு."

"இப்ப மட்டும் நான் பயப்படல்லயா?"

அடுத்த வளைவில் அவளுடைய தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒப்பரேசனுக்கு அவளை மயக்கவில்லை. கண்ணைச் சுற்றி விறைக்க ஊசி போட்டார்கள். முகத்தைத் துணியால் மூடினார்கள். முழிப்பாகத்தான் கிடந்தாள். வலி இல்லை. ஆனால் கண்ணுக்குள் வெளிச்சம் நகர்வதும், ஏதோ ஒன்று நிழலாகப் போய் வருவதும் தெரிந்தது. அசைந்துவிடுவேனோ, இருமல் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தாதி ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு "பய வெண்ட எப்பா" என்று, பயப்படாதே என்கிற குரலில் சொன்னாள். மங்கைக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. பயம் என்கிற சொல் மட்டும் இரண்டு பாசையிலும் ஒன்றுதான் என்று விளங்கியது. அந்தக் கையைக் கடைசிவரை அவள் விடவில்லை.

கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்து, அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் குப்புறக் கிடக்கச் சொல்லி அனுப்பினார்கள். சாப்பிடுவதும் குனிந்தபடி, கிணற்றடிக்குப் போவதும் குனிந்தபடி. வீட்டில் சதீசன் வெட்டு மேசையில் மெத்தையைப் போட்டு, முகம் புதைக்கத் தலையணைகளைச் சுற்றி அடுக்கிக் கொடுத்தான். நிமிர்ந்து படுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அவளுக்கு நித்திரையே வரவில்லை. கண் அயர்ந்தால் திடுக்கிட்டு எழும்பி, "நான் திரும்பிட்டனா?" என்று கேட்பாள். "இல்லம்மா, அப்பிடியேதான் கிடக்கிறீங்க" என்று பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த தனுஷியா சொல்லுவாள்.

தைக்காமல் கிடந்த சீருடைத் துணிகளைத் தனுஷியாதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். புஸ்பம் என்கிற தாய் மட்டும் மங்கையின் வாசலுக்கே வந்து, "முதலே சொல்லியிருந்தா வேற ஆக்களிட்டக் குடுத்திருப்பன். என்ட பிள்ளை பழைய சட்டையோட போகுது" என்று ஏசிவிட்டுப் போனாள். குப்புறக் கிடந்த மங்கைக்கு அவளுடைய கால் மட்டும் தெரிந்தது. அவள் சொன்னது நியாயம்தான். ஹிதாயா பிழைத்த அபாயாக்களை எடுத்துப்போய், தன் கடையில் குந்தியிருந்து தானே பிரித்துத் தைத்துக் கலியாண வீட்டுக்குக் கொடுத்தாளாம். அதை அவள் சொல்லவில்லை. நிஸ்தார் சொன்னான்.

கட்டு அவிழ்த்த தொடக்கத்தில் இடக்கண்ணில் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. கையை அசைத்தால் அசைவது தெரியும், கை தெரியாது. பார்வையே வராதோ என்று மங்கை உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள். பிறகு மேலிருந்து ஒரு தெளிவு இறங்கியது. நடக்கும்போது அதன் விளிம்பு தளம்பியது. வாயு கரையக் கரைய அந்த விளிம்பு கீழே கீழே போய், ஒரு குமிழாகச் சுருங்கி, ஒரு காலையில் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அவள் இடக்கண்ணால் சதீசனின் முகத்தைப் பார்த்தாள். தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து, ஆளே மெலிந்திருந்தான்.

"தெரியுதா?" என்றான்.

"தெரியுது. கொஞ்சம் கோணலாத் தெரியுறீங்க."

"நான் முதலே கோணல்தானே" என்று சொல்லிவிட்டு அவன் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனான். திரும்பி வர நேரமெடுத்தது.

கோணல் முழுவதும் போகவில்லை. இடக்கண்ணுக்கு நேர்கோடுகள் நடுவில் லேசாக வளைந்தே தெரிகின்றன. ஊசி கோர்ப்பதும் கோடு பிடிப்பதும் வலக்கண்தான். அதன் கிழிசலைச் சுற்றி லேசர் போட்டாகிவிட்டது. கறுப்புத் துணி இப்போது எடுப்பதில்லை. ஹிதாயா வெளிர் நிறச் சல்வார் மட்டும் கொண்டுவருகிறாள். சீருடைக் காலத்தில் ஏற்கிற வேலையும் குறைந்துவிட்டது. புஸ்பம் திரும்பி வரவில்லை. வேறு தையற்காரி பிடித்துக்கொண்டாள். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் எழும்பியதும் இன்றைக்கும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பலாமரத்தைப் பார்க்கிறாள். ஒளித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். "மரம் இரிக்கா?" என்று சதீசன் தேத்தண்ணியோடு வந்து கேட்பான். "இரிக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை வாங்குவாள்.

கிளினிக்குக்குப் போன ஒருநாள் டொக்டர், கூட வந்திருந்த தனுஷியாவின் தடித்த கண்ணாடியைக் கவனித்துவிட்டு, மகளின் கண்ணையும் ஒரு தடவை பார்க்கவேணும் என்றாள். அவள் சும்மா சொன்னது போலத்தான் சொன்னாள். தன் கண்ணுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று, மகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோது மங்கைக்குத் தோன்றியது. கதவு மூடியிருந்தது. உள்ளே மேலே பார், கீழே பார் என்கிற குரல் கேட்டது. எழும்பினாள், இருந்தாள், மறுபடி எழும்பினாள். சுவரில் ஒட்டியிருந்த எதையும் அவளால் வாசிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. தனுஷியா கையை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்தாள்.

"அம்மா, எல்லாம் மங்கலா இரிக்கு."

மங்கை பாய்ந்துபோய் மகளின் தோளைப் பிடித்தாள். பின்னால் வந்த டொக்டர் அவளுடைய முகத்தைக் கண்டதும் பதறிவிட்டாள். "அது மருந்து விட்டதாலம்மா! கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும். விழித்திரை நல்லா இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா கொண்டுவந்து காட்டுங்க. நூல் மாதிரியோ மின்னல் மாதிரியோ ஏதும் தெரிஞ்சா, அந்த நாளே வாங்க."

"அந்த நாளே வாறன்" என்றாள் மங்கை. "அந்த நாளே."

வெளியே வெயில் தனுஷியாவின் கண்ணைக் கூச வைத்தது. மங்கை சேலைத் தலைப்பை இழுத்து மகளின் நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, மரநிழலில் இருந்த வாங்குக்குக் கூட்டிப்போனாள். நிழலுக்கு வந்த பிறகும் தலைப்பை எடுக்கவில்லை. மகளோ, தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்த ரோல்ஸ் வாசத்தை மோந்துகொண்டு, பசிக்கிறது என்றாள்.